பொடி எழுத்தில் ஒரு ஆக்டேவ்: பியானோவில் வேகமான கிரேஸ் நோட்டுகள் ஏன் இவ்வளவு கடினம்?

மொசார்ட்டின் துருக்கிய ரொண்டோவைக் கேட்டிராத பியானோ மாணவர் அநேகமாக இருக்க மாட்டார். 1784ல் வியன்னாவில் அச்சான ஏ மேஜர் சொனாட்டாவின் (கே. 331) கடைசிப் பகுதி அது. மைனர் சுர வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும் இசை சட்டென்று மேஜர் சுர வரிசைக்குத் திரும்பும் இடத்தில் வலது கை ஆக்டேவ்களாக, அதாவது ஒரே சுரத்தை அடுத்தடுத்த இரு ஸ்தாயிகளில் சேர்த்து அடித்து, நடைபோடும். இடது கை, பொடி எழுத்தில் எழுதிய சில சுரங்களை, அதாவது கிரேஸ் நோட்டுகளை, சரசரவென்று உருட்டிக்கொண்டு வந்து தாள அடியில் விழும். துருக்கியப் படைவாத்தியக் குழுவின் மேளத்தைப் பியானோவுக்குள் கொண்டுவரும் உத்தி அது. ஆக்டேவ் ஒரு கையில், கிரேஸ் நோட் மறு கையில் என்று மொசார்ட் இரண்டையும் தனித்தனியே வைத்தார். அடுத்த நூற்றாண்டில் வந்தவர்கள் இரண்டையும் ஒரே கையிடம், ஒரே கணத்தில் கேட்டார்கள்.

கிரேஸ் நோட் தாளக் கணக்கில் சேராத சுரம். அதற்கென்று அளவில் இடம் கிடையாது. முன்னால் உள்ள சுரத்திடமிருந்தோ பின்னால் வரும் முதன்மைச் சுரத்திடமிருந்தோ நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமல்ல. பெயர் சொல்லாமல் பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வரும் அனுசுவரத்தை நாம் தினமும் கேட்கிறோம். ஆனால் தொண்டையும் வீணைத் தந்தியும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். பியானோவில் ஒவ்வொரு சுரமும் தனிச் சுத்தியல் தனித் தந்தியில் அடிப்பது. இரண்டுக்கும் நடுவே எதுவுமே இல்லை. அந்த இல்லாத இடத்தைக் கை அசைவால் மறைப்பதுதான் கிரேஸ் நோட் வாசிப்பின் கலை. ஒற்றைச் சுரமாக இருந்தால் இரண்டு விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஆக்டேவாக இருந்தால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஏற்கெனவே விரிந்து மாட்டிக்கொண்டிருக்கும்; நகர்வதற்கு மிச்சமிருப்பது முழுக் கையும்தான்.

இசைத்தாளில் இது பல உருவங்களில் வரும். ஒரு பொடி ஆக்டேவ் அரைச்சுரமோ ஒரு சுரமோ தள்ளி இருக்கும் பெரிய ஆக்டேவில் போய்ச் சேர்வது ஒன்று. ஒரே ஆக்டேவ் பொடியாக ஒருமுறையும் பெரிதாக ஒருமுறையும் அடிக்கப்படுவது மற்றொன்று. இடது கை அடியாழத்தில் ஒரு ஆக்டேவைத் தொட்டுவிட்டு இரண்டு மூன்று ஸ்தாயி மேலே உள்ள கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்கு) தாவுவதும் உண்டு. பொடியாக எழுதியது ஒற்றைச் சுரம், முதன்மைச் சுரம் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே என்று உடைந்த ஆக்டேவாக வருவதும் உண்டு. இவை அனைத்தையும் 'வேகமான ஆக்டேவ்' என்ற ஒரே தலைப்பில் போட்டு ஒரே பயிற்சியால் தீர்க்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான மாணவர்களின் கை இறுகுவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பொடி ஆக்டேவும் பெரிய ஆக்டேவும் இரண்டு அடிகளல்ல. ஒரே வீச்சில் கேட்கும் இரண்டு ஒலிகள். அந்த வீச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது கையல்ல, தாளம்.

ஆகவே முதல் கேள்வி நேரத்தைப் பற்றியது. பொடிச் சுரம் தாள அடியின்மேல் விழுகிறதா, அந்த அடிக்கு முன்னாலா?

1753ல் பெர்லினில் வெளியான தன் விசைப்பலகை வாசிப்பு நூலில் இசையமைப்பாளர் சி. பி. இ. பாக் இதற்குத் தெளிவான பதில் சொல்கிறார்: பொடிச் சுரம் தனக்கான நேரத்தைப் பின்வரும் முதன்மைச் சுரத்திடமிருந்துதான் எடுக்க வேண்டும். அதாவது அடியின்மேல் விழ வேண்டும். முன்னாலேயே தட்டிவிடும் பழக்கத்தை அவர் கடுமையாகவே சாடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர இந்தப் பழக்கம் தளர்ந்து, அடிக்கு முன்னால் வாசிப்பதே பியானோக்காரர்களிடம் பரவலானது. ஷோப்பன் இந்த விஷயத்தில் பழைய பக்கம் நிற்பவர். அவரிடம் படித்த ஜேன் ஸ்டர்லிங், கமீய் துபுவா ஆகியோரின் இசைத்தாள்கள் பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில இடங்களில் வலது கையின் பொடிச் சுரத்துக்கும் இடது கையின் கீழ்ச்சுரத்துக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கும். இரண்டும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும், முதன்மைச் சுரம் பிறகு வரட்டும் என்பது அதன் பொருள். அந்தச் சின்னக் கோடு இல்லாவிட்டால் ஷோப்பனின் அலங்காரங்களைப் பற்றி நாம் இன்று ஊகத்தில்தான் பேசிக்கொண்டிருப்போம்.

ஆக்டேவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? அடியின்மேல் வாசித்தால் அழுத்தம் பொடி ஆக்டேவில் சாயும். கை அங்கே இறங்கி, பெரிய ஆக்டேவில் தளர்ந்து வெளியேறும். ஒலி சாய்ந்து குழையும். அடிக்கு முன்னால் வாசித்தால் நேர்மாறு: பொடி ஆக்டேவ் ஒரு தொடுகை மட்டும், கையின் எடை முழுவதும் பெரிய ஆக்டேவில். ஒலி வெட்டிப் பாயும். இரண்டும் வேறு வேறு உடலசைவுகள். எது வேண்டும் என்று முடிவு செய்யாமலே கட்டையைத் தொட்டால் கை இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும். இரு ஆக்டேவ்களும் ஒரே எடையில் விழுந்து, ஏதோ தப்பாக எண்ணிய பதினாறாம் பங்குச் சுரங்கள்போலக் கேட்கும். என் கணிப்பில், பாடுவதுபோன்ற மெதுவான இடங்களில் ஷோப்பனின் வழி அழகு. லிஸ்ட் போன்றவர்களின் நடனத் துள்ளல் உள்ள இடங்களில் அடிக்கு முன்னால் வாசிப்பதே உயிர் தரும். விதிவிலக்குகள் ஏராளம். முடிவே எடுக்காமல் வாசிப்பது மட்டும் எங்குமே சரிவராது.

இனி கை. இன்றைய பியானோவில் ஒரு ஆக்டேவின் அகலம், கட்டையின் நடுவிலிருந்து கட்டையின் நடுவரை, ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். கட்டை அமுங்கும் ஆழம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். நீளமான ஆக்டேவ் வரிசையில் மணிக்கட்டு துள்ளிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு துள்ளலும் அடுத்ததற்கு விசை கொடுக்கும். கிரேஸ் நோட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது அசைவில்லாத நிலையிலிருந்து திடீரென்று நிகழ்ந்து முடிந்துவிடும் ஒற்றைச் சம்பவம். அதை இரண்டு அடிகளாகப் பிரித்தால் கீழே, மேலே, மீண்டும் கீழே என்று மூன்று அசைவுகள் ஆகிவிடும். மூன்றுக்கும் நேரம் இல்லாததால் முன்கைத் தசைகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொள்ளும். கை இறுகுவது என்பது இதுதான்.

ஒரே வீச்சில் வாசிக்கும்போது முதல் ஆக்டேவில் கை உட்காரவே உட்காராது. சுத்தியல் தந்திக்குப் பாயும் அளவுக்கு மட்டும் கட்டையை அமுக்கிவிட்டு, அதே இறக்கத்தில் அடுத்த ஆக்டேவில் போய் உட்காரும். விரல் நுனிகள் உறுதியாக, மணிக்கட்டு தளர்வாக. நடு மூன்று விரல்களும் தூக்கி விறைத்து நிற்கக் கூடாது, வழியில் உள்ள கட்டைகளில் இடிபடும்படி தொங்கவும் கூடாது. இதற்கு மேல் பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த நிறக் கட்டையிலிருந்து எந்த நிறக் கட்டைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது.

கருப்பிலிருந்து வெள்ளைக்குப் போவது சுலபம். சி ஷார்ப் ஆக்டேவிலிருந்து டி ஆக்டேவுக்கு என்று வைத்துக்கொள்வோம். கருப்புக் கட்டை உயரமானது. அதன் முன் விளிம்பில் இரண்டு விரல்களையும் வைத்து, அடித்த கையோடு முன்கையை உடலை நோக்கி லேசாக இழுத்தால் இரண்டும் ஒன்றாக வழுக்கி வெள்ளைக் கட்டையில் விழும். புதிய அடி தேவையே இல்லை. பூமி ஈர்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும். மிதமான ஒலியில் இது மிக அழகாக வரும். உச்சச் சத்தத்தில் விளிம்பு கொஞ்சம் மழுங்கும். அங்கே தனி அடிதான் சரி.

வெள்ளையிலிருந்து கருப்புக்கு வழுக்க முடியாது, ஏற வேண்டும். இங்கே பலரும் செய்வது, வெள்ளை ஆக்டேவைக் கட்டையின் வெளி ஓரத்தில் வாசித்துவிட்டு உள்ளே பாய்வது. அந்த ஓரிரு அங்குலப் பயணம்தான் தாமதம். வெள்ளை ஆக்டேவையே கருப்புக் கட்டைகளுக்கு அருகில், உள்ளே தள்ளி வாசித்தால் பயணம் ஏறக்குறைய மறைந்துவிடும். சுண்டுவிரலுக்குப் பதில் மோதிரவிரல் கருப்புக் கட்டைக்குப் போவதும் இங்கே கைகொடுக்கும். மோதிரவிரல் நீளமானது, தானாகவே கருப்புக் கட்டையை எட்டும். வெளிப்பக்கச் சுரங்கள் ஐந்தாம் விரலிலிருந்து (சுண்டுவிரல்) நான்காம் விரலுக்கு (மோதிரவிரல்) ஒட்டிச் செல்லும்போது கட்டைவிரல் மட்டும் தள்ளிப்போனால் போதும். கேட்பவர் காது வெளிப்பக்கச் சுரத்தைத்தான் பின்தொடரும். உள்ளே கட்டைவிரல் துண்டு துண்டாக நகர்ந்தாலும் மொத்தமும் இணைந்தே கேட்கும். 1837ல் வெளியான ஷோப்பனின் ஓபஸ் 25, பத்தாம் எட்யூட் (பயிற்சிப் படைப்பு) முழுக்க முழுக்க ஆக்டேவ்தான். அதன் மெதுவான நடுப்பகுதியை நிதானமாகப் படிப்பவருக்கு இந்த வெளிவிரல் ஒட்டு கையில் படியும். கிரேஸ் நோட்டுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அந்த எட்யூடின் புகழெல்லாம் அதன் புயல்போன்ற முதல் பகுதிக்குத்தான்.

வெள்ளையிலிருந்து வெள்ளை, அதாவது ஈயிலிருந்து எஃப், பியிலிருந்து சி, அல்லது ஒரு முழுச்சுரம் தள்ளி: இதுதான் மிகவும் தொந்தரவு. உயர வித்தியாசம் இல்லாததால் வழுக்கலும் இல்லை, ஏற்றமும் இல்லை. முன்கை பக்கவாட்டில் நகர்ந்தே ஆக வேண்டும். கட்டைவிரல் ஒரு வெள்ளைக் கட்டையிலிருந்து அடுத்ததற்குத் தேய்த்துக்கொண்டு போக முடியும். வெளிப்பக்கம் நான்கு, ஐந்து என்று விரல் மாற்றினால் நகர்வு பாதியாகும். அதற்குக் கை பெரிதாக இருக்க வேண்டும். இல்லாதவர்கள் பொடி ஆக்டேவை இன்னும் மென்மையாக, இன்னும் அடிக்கு நெருக்கமாக வைப்பதே நல்லது.

உடைந்த ஆக்டேவில் தாவலே கூடாது. முன்கையைச் சுழற்றினால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரலுக்கு எடை மாறிவிடும். கவனிக்க வேண்டிய ஒரே விஷயம், பொடிச் சுரத்தின் கட்டையை உடனே விட்டுவிடுவது. பிடித்துக்கொண்டே இருந்தால் சேர்ந்தொலிக்கும் ஆக்டேவாகிவிடும். இதே சுழற்சியும் விரலசைவும் இடைவிடாமல் நீண்டால் என்ன ஆகும் என்பதை இசைக்குழுவோடு பியானோ சேரும் பிராம்ஸின் டி மைனர் கான்செர்ட்டோ காட்டுகிறது. 1859 ஜனவரி 22 அன்று ஹனோவரில் பிராம்ஸே வாசித்து அரங்கேறிய அந்தப் படைப்பின் முதல் பகுதியில் ஆக்டேவ் டிரில்கள் (பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி வேகமாக ஒலிப்பது) வருகின்றன. பியானோக்காரர்கள் இன்றும் அந்தப் பக்கத்தை அஞ்சித்தான் திறக்கிறார்கள். ஒவ்வொரு டிரில்லும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும் ஆக்டேவ் கிரேஸ் நோட் போன்றது. இறுகிய கைக்கு அங்கே சில விநாடிகள்கூட ஆயுள் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆக்டேவ் மேல் பைத்தியமாக இருந்த காலம். தியோடர் குல்லாக் 1848ல் ஆக்டேவுக்கென்றே தனிப் பயிற்சித் தொகுப்பு வெளியிட்டார். அலெக்சாண்டர் ட்ரைஷாக், ஷோப்பனின் புரட்சி எட்யூடில் இடது கை ஓட்டம் முழுவதையும் ஆக்டேவ்களாக வாசித்துப் புகழ்பெற்றார். இந்த மரபு நமக்குக் கொடுத்தது நீடித்து ஓடும் பலத்தை. கிரேஸ் நோட்டுக்கு வேண்டியதோ அதற்கு எதிரானது: ஒரு கணத்தில் விரிந்து, வாசித்து, உடனே சுருங்கிவிடும் கை. பக்கம் பக்கமாக ஆக்டேவ் ஸ்கேல் வாசிப்பதால் அது தானாக வராது.

வாத்தியம் மாறிவிட்டதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பீத்தோவனின் வால்ட்ஸ்டைன் சொனாட்டா (ஓபஸ் 53, 1805ல் அச்சானது) கடைசிப் பகுதியின் பிரெஸ்டிசிமோ என்ற அதிவேக இடத்தில், மிக மெல்லிய ஒலியில், வலது கை ஆக்டேவ்களாகக் கீழே இறங்கும்; இடது கை ஆக்டேவ்களாக மேலே ஏறும். அடுத்தடுத்த ஆக்டேவ்களுக்கு ஒன்று, ஐந்து (கட்டைவிரல், சுண்டுவிரல்) என்ற அதே விரலெண்கள். ஒவ்வொன்றாக அடிப்பதல்ல, வழுக்குவதே அவர் எண்ணம். அன்றைய வியன்னா பியானோக்களில் கட்டை மெல்லியது, ஏறக்குறைய பாதி ஆழமே அமுங்கும். அங்கே இது ஒரு தடவல். இன்றைய கச்சேரிப் பியானோவில் ஒரு கட்டையை அமுக்கவே ஏறத்தாழ 50 கிராம் எடை தேவை, ஆழமும் அதிகம். விரல் தோல் உரிகிறது, மெல்லிய ஒலி போயே போய்விடுகிறது. சிலர் இரண்டு கைகளுக்கும் பிரித்து வாசிக்கிறார்கள், சிலர் வேகத்தைக் குறைத்து மணிக்கட்டு ஆக்டேவ்களாக்குகிறார்கள், சிலர் கட்டைவிரல் அடிக்கும் உள்சுரத்தைக் கைவிடுகிறார்கள். பிராம்ஸ் தன் பாகனினி வேரியேஷன்களின் முதல் தொகுதியில், பதின்மூன்றாவது வேரியேஷனில், மீண்டும் ஆக்டேவ் வழுக்கலைக் கேட்டார். அன்றே பியானோ கனக்கத் தொடங்கியிருந்தது.

வாத்தியம் பறித்தது ஒன்று என்றால் கொடுத்தது இன்னொன்று. 1821ல் எராட் நிறுவனம் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்பு இயக்கம் வந்த பிறகு, கட்டை முழுவதும் மேலே வராமலே அதே சுரத்தைத் திரும்ப அடிக்க முடிந்தது. ஒரே சுரத்தில் பொடி ஆக்டேவும் பெரிய ஆக்டேவும் வரும் இடங்கள் இதை நம்பித்தான் நிற்கின்றன. விரல்களைக் கட்டையிலிருந்து பிரிக்காமல், கட்டை பாதி எழும்போதே மீண்டும் அமுக்குவதே அங்கே முறை. லிஸ்டின் ஆறாம் ஹங்கேரிய ராப்சடியின் கடைசி அலெக்ரோவில் வலது கை விடாமல் ஆக்டேவ்களை அதே சுரத்தில் திரும்பத் திரும்பத் தட்டுவது இந்த இயக்கம் இல்லாத பியானோவில் தலைவலியாகியிருக்கும். பியானோ வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: சாதாரண நிமிர்ந்த பியானோக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இயக்கம் கிடையாது. வீட்டில் வராத கிரேஸ் நோட் கிராண்ட் பியானோவில் திடீரென்று வந்துவிடுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அடியாழத்திலிருந்து தாவும் பேஸ் ஆக்டேவுக்கு வருவோம். இங்கே கையைவிடக் கால் பெரிய விஷயம். ஒலியை நீட்டிக்கும் பெடலை வழக்கமாக அடி விழும் கணத்தில் தூக்கி, அடி விழுந்த பிறகு அமுக்குவோம். பேஸ் ஆக்டேவ் அடிக்கு முன்னால் பொடிச் சுரமாக வரும்போது இதே பழக்கத்தில் கால் போனால், அடி விழும்போது பெடல் எழுந்து, கஷ்டப்பட்டு எட்டிப் பிடித்த பேஸ் காற்றில் கரைந்துவிடும். கேட்பவருக்கு அடித்தளமே இல்லாத கார்டு மட்டும் மிஞ்சும். பெடல் மாற வேண்டியது பொடி ஆக்டேவில். அது ஒலிக்கும்போது பழைய ஒலி போக வேண்டும். கை அதைவிட்டுக் கிளம்புவதற்குள் பெடல் மறுபடி அமுங்கியிருக்க வேண்டும். பல மாணவர்கள் மாதக்கணக்கில் தாவலைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். பிழையோ காலில் இருக்கும். ராக்மனினோவின் இரண்டாம் கான்செர்ட்டோ தொடக்கத்துக்கும் இதே கவனம் வேண்டும். அந்தக் கார்டுகளைச் சேர்த்துப் பிடிக்க ஆக்டேவைத் தாண்டி விரியும் கை தேவை. எட்டாதவர்கள் கீழிருந்து மேலாக உருட்டுகிறார்கள். அப்போது அடிச்சுரம், எழுதப்படாவிட்டாலும், கிரேஸ் நோட்டாகிவிடுகிறது. பெடல் அதைப் பிடித்தே தீர வேண்டும்.

மாற்றிக்கொள்வது எதுவரை நியாயம் என்ற கேள்வி இங்கே வருகிறது. பீத்தோவனின் கடைசிச் சொனாட்டா, ஓபஸ் 111, இடது கையின் ஆக்டேவ் பாய்ச்சலோடு திறக்கிறது. மிகச் சிறிது நேரமே ஒலிக்கும் ஈ ஃப்ளாட் ஆக்டேவ், உடனே ஆழத்தில் எஃப் ஷார்ப் ஆக்டேவ். இரண்டு கைகளுக்கும் பிரித்துக்கொண்டால் ஆபத்தே இல்லை, பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். தவறி விழக்கூடிய தூரம் அந்த ஒலியிலேயே இருக்கிறது. ஒரு கை பாயும்போது எழும் இறுக்கத்தை இரண்டு கைகளால் நடிக்க முடியாது. ஆனால் எல்லாப் பாய்ச்சலும் இப்படியல்ல. மின்னல் வேகத்தில் கடந்துபோகும் பொடி ஆக்டேவில் உள்சுரத்தை விட்டுவிட்டு வெளிச்சுரத்தை மட்டும் தெளிவாக வாசிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. சேறாகக் கலங்கிய ஆக்டேவைவிட அது எழுதியவருக்கு நெருக்கமானது. ஷூபர்ட்டே எர்ல்கோனிக் பாடலின் ஓயாத மும்மை (அடிக்கு மூன்று) ஆக்டேவ்களை எளிதாக்கி, இருமை (அடிக்கு இரண்டு) சுரங்களோடு ஒரு வடிவம் எழுதி வைத்திருக்கிறார். டெபுசி 1915ல் எழுதிய பன்னிரண்டு எட்யூடுகளில் ஆக்டேவுக்கு ஒன்றும் அலங்காரச் சுரங்களுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே ஒதுக்கினார். முன்னுரையில், விரலெண் எதையும் வேண்டுமென்றே தரவில்லை, அவரவர் விரலெண்ணை அவரவரே தேடிக்கொள்வோம் என்று எழுதினார். அந்தத் தேடலைப் பயிற்சியின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். பழகிய தவறான விரலெண்ணை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

பயிற்சியில் ஒரு பொறி உண்டு. எதையும் மெதுவாகத் தொடங்கு என்ற அறிவுரை இங்கே நம்மை ஏமாற்றும். பொடி ஆக்டேவையும் பெரிய ஆக்டேவையும் மெதுவாக வாசித்தால் இரண்டு தனி அடிகள் கையில் பதிந்துவிடும். வேகம் கூடும்போது அந்த இரண்டு அடிகளே வேகமாக வரும். பதிலாக, முதலில் கிரேஸ் நோட்டை விட்டுவிட்டு முதன்மை ஆக்டேவ்களை மட்டும் சரியான தாளத்தில், சரியான எடையில் வாசிக்கலாம். பிறகு கட்டைவிரல் வரிசை மட்டும், கிரேஸ் நோட்டோடு. பிறகு வெளிவிரல் வரிசை மட்டும். கடைசியில் முழு ஆக்டேவ்: பொடியும் பெரியதும் சேர்த்து முழு வேகத்தில் ஒரே ஒருமுறை, உடனே நிறுத்தி, கையைச் சுருக்கித் தொங்கவிட்டு, முன்கை தளர்ந்துவிட்டதா என்று பார்ப்பது. தளராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. வேகத்தைக் குறைக்காமல், நிகழ்வுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நீட்டுவது இது. நாளடைவில் இடைவெளி சுருங்கி இசைத்தாளில் உள்ள அளவுக்கு வந்து சேரும்.

வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். ஸ்க்ரியாபின் மாணவராக இருந்தபோது, 1891ல், லிஸ்டின் டான் ஹுவான் ஃபான்டசியையும் பாலகிரேவின் இஸ்லாமேயையும் அளவுமீறிப் பயின்று வலது கையைக் கெடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இடது கையைப் பலப்படுத்தியதன் விளைவாகத்தான் இடது கைக்கு மட்டுமான அவருடைய ஓபஸ் 9 பிறந்தது. அவர் கை பெரிய கை அல்ல; ஆக்டேவுக்குமேல் அதிகம் விரியாதது.

கையளவு பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. ஆக்டேவை அகலமாக எட்டுபவருக்கு 165 மில்லிமீட்டர் ஓர் இயல்பான விரிவு. மேலே சொன்ன வழுக்கலும் விரல்மாற்றமும் அவருக்குச் சாத்தியம். ஆக்டேவே எல்லை என்ற கைக்கு மோதிரவிரல் எட்டாது, உள்ளே தள்ளி வாசிக்க இடமில்லை, கை சுருங்கி விரிய நேரமில்லை. இது உழைப்பால் ஈடுகட்டக்கூடிய குறை என்று பல தலைமுறை ஆசிரியர்கள் சொல்லிவந்தது மாணவர்களுக்குச் செய்த அநீதி. சின்னக் கைகளோடு அல்பெனிஸின் இபேரியா முழுவதையும் உலகுக்குக் கேட்கவைத்த அலிசியா தெ லரோச்சா போன்றவர்கள் உண்டு. ஆனால் அவர் விரலெண்ணும் பங்கீடும் அவர் கைக்கு ஏற்றவை. ஜோசப் ஹாஃப்மனுக்கு ஸ்டெய்ன்வே நிறுவனம் குறுகிய கட்டைகள் கொண்ட பியானோக்களையே செய்து கொடுத்தது. இன்று ஆக்டேவ் 6 அங்குலம், 5.5 அங்குலம் என்ற அளவுகளிலும் குறுகிய கட்டைத் தொகுதிகள் செய்கிறார்கள். வழக்கமான கிராண்ட் பியானோவிலேயே மாட்டிக்கொள்ளலாம். அது கிடைக்காத இடத்தில் சின்னக் கைக்காரருக்கு இரண்டு வழிகள் மிகவும் பயன்படும்: பொடி ஆக்டேவை உடைத்துச் சுழற்சியால் வாசிப்பது, அல்லது வெளிச்சுரத்தை மட்டும் வைத்துக்கொள்வது. எதைத் தேர்ந்தாலும் அதே பக்கத்தில் மீண்டும் வரும் எல்லா இடங்களிலும் அதையே வைத்துக்கொண்டால், கேட்பவருக்கு அது அந்த இசையின் உச்சரிப்பாகவே ஒலிக்கும்.